மெலனீசியாவில் நிலம் யாருடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிஜியில் ஆறு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தேன். விடுமுறைகளில் வனுவாட்டுக்கும் சாலமன் தீவுகளுக்கும் போய் வந்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகு, "அங்கே பெரும்பாலான நிலத்தை விற்கவே முடியாது" என்று பேச்சைத் தொடங்கினாலே போதும், கேள்விகள் வந்துவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். உறவினர்கள் கேட்டது, பழைய மாணவர்கள் கேட்டது, மனை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் நம்பவே முடியாமல் கேட்டது என எல்லாவற்றையும் அவரவர் வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

மெலனீசியான்னா எந்த நாடு? ஆப்பிரிக்கா பக்கமா?

இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கிலும் கிழக்கிலும் பசிபிக் கடலில் இருக்கும் தீவுக் கூட்டம். பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, ஃபிஜி என்று நான்கு சுதந்திர நாடுகள். பிரான்சின் ஆட்சியில் இருக்கும் நியூ கலிடோனியாவும், இந்தோனேசியாவின் ஆட்சியில் இருக்கும் மேற்கு பப்புவாவும் இதில் சேரும். 'கருந்தீவுகள்' என்று பொருள்படும் இந்தப் பெயரை 1832-இல் துமோன் துர்வில் என்ற பிரெஞ்சு மாலுமி மக்களின் தோல் நிறத்தைப் பார்த்து வைத்தார். இன்று அந்த மக்களே அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

எல்லாம் ஒரே வழக்கம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பப்புவா நியூ கினியில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. ஒரு பள்ளத்தாக்கின் வழக்கம் அடுத்த பள்ளத்தாக்கில் செல்லாது. கீழே நான் சொல்வதையெல்லாம் 'அந்த ஊரில் அப்படி' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மரபு நிலம்னா பட்டா இல்லாத நிலம்தானே? புறம்போக்கு மாதிரியா?

புறம்போக்குக்கு நேர் எதிர். புறம்போக்கு என்றால் அரசின் கையில் இருப்பது. மரபு நிலமோ, அரசு என்று ஒன்று வருவதற்கு முன்பிருந்தே ஒரு குலத்தின் கையில் இருப்பது. அரசு அதைக் கொடுக்கவில்லை, இருந்ததை ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான். 1980-இல் பிரிட்டனிடமிருந்தும் பிரான்சிடமிருந்தும் ஒரே நேரத்தில் விடுதலை பெற்ற வனுவாட்டு, நாட்டின் நிலம் முழுவதும் மரபு உரிமையாளர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்குமே சொந்தம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. ஃபிஜியில் ஏறத்தாழ 87 சதவீத நிலம் பூர்வகுடிக் குலங்களுடையது. சாலமன் தீவுகளில் 80 சதவீதத்துக்கும் மேல். பப்புவா நியூ கினிக்கு 97 சதவீதம் என்று எல்லோரும் எழுதுவார்கள். அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, கம்பெனிகள் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

ஃபிஜியில் நிலம் வைத்திருக்கும் குலத்துக்கு மதங்கலி என்று பெயர். ஆனால் அவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் வனுவா. மண், அந்த மண்ணின் மக்கள், அவர்களின் வழக்கம் மூன்றுக்கும் அந்த ஒரே சொல்தான். பப்புவா நியூ கினியின் பொதுமொழியான டோக் பிசினில் நில உரிமையாளரைப் 'பாப்பா கிரவுன்' என்பார்கள், மண்ணுக்கு அப்பா. 'நிலத்தை விற்றால் என்ன?' என்று ஃபிஜியில் நான் வெகுளியாகக் கேட்டபோது என் சக ஆசிரியர் கோபப்படவில்லை. செத்துப்போனவர்களிடமும் இன்னும் பிறக்காதவர்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா, பேசலாம் என்றார்.

பொதுச் சொத்துன்னா யார் வேணா போய் மரம் வெட்டலாமா? ஆளாளுக்குச் சுரண்டிட மாட்டாங்களா?

எல்லோருக்கும் பொது என்பது வேறு, ஒரு கூட்டத்துக்குச் சொந்தம் என்பது வேறு. இங்கே வெளியாளுக்கு இடமே இல்லை. கூட்டத்துக்கு உள்ளேயும் உரிமை அடுக்கடுக்காக இருக்கிறது. நிலம் குலத்துடையது. காட்டை வெட்டித் திருத்திச் சேம்போ வள்ளியோ போட்ட தோட்டம் அந்தக் குடும்பத்துடையது. அறுவடை முடிந்து தரிசாக விட்ட பிறகும், திருத்தியவர் பிள்ளைகளுக்கு அதில் ஒரு பிடி இருக்கும். மருமகன், அம்மா வழி உறவு என்று வந்தவர்களுக்குக் கேட்டுப் பயிர் செய்யும் உரிமை உண்டு. சிலருக்கு அந்த வழியே நடந்து போகும் உரிமை மட்டும்தான்.

மரத்துக்கு மட்டும் தனிக் கணக்கு. மண் யாருடையதானாலும், பல இடங்களில் மரம் நட்டவருடையது. அதனால்தான் "உன் நிலத்தில் ஒரு போகம் வள்ளி போட்டுக்கொள்ளட்டுமா?" என்றால் உடனே சரி என்பார்கள். "நாலு தென்னை வைக்கட்டுமா?" என்றால் முகம் மாறிவிடும். வள்ளி ஒரு வருடத்தில் போய்விடும். தென்னை நின்றுகொண்டு, பேரன் காலத்தில் நிலத்தையே கேட்கும்.

சாலமன் தீவுகளில் சாவோ என்றொரு எரிமலைத் தீவு. மண்ணின் சூட்டிலேயே முட்டை பொரிய வைக்கும் மெகாபோட் பறவைகள் அங்கே கடற்கரை மணலைத் தோண்டி முட்டையிடும். அந்த மணலைக்கூடக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பாத்தி பிரித்து வேலி கட்டி வைத்திருக்கிறார்கள். கேட்பாரற்ற நிலம் என்று வெளியாளுக்குத் தோன்றும் இடம், உள்ளூர்க்காரர் கண்ணுக்கு இப்படித்தான் கோடு கோடாகத் தெரியும்.

எல்லைக் கல்லே இல்லாம எல்லை எப்படித் தெரியும்?

ஓடை, பாறை, மலை முகடு, பழைய ஊர் இருந்த மேடு, முன்னோர் புதைகுழி, பெரிய ஆல் இனத்து மரம். பப்புவா நியூ கினியில் டங்கெட் என்ற செவ்விலைச் செடியை வரிசையாக நட்டு வைப்பார்கள். ஒரு கிளையை ஒடித்துக் குத்தினாலே வேர் பிடித்துக்கொள்ளும், சுலபத்தில் சாகாது. நம் தோட்டங்களில் அழகுக்கு வைக்கும் அதே செடிதான்.

ஆனால் உண்மையான சர்வே எண் கதையில் இருக்கிறது. எங்கிருந்து வந்தோம், முதலில் எங்கே இறங்கினோம், யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், எந்தப் போரில் யார் இடம் கொடுத்தார்கள் என்று வம்ச வரலாற்றை இடப்பெயர்களோடு கோர்த்துச் சொல்லத் தெரிந்தவர்தான் சாட்சி. அதனால் பெரியவர்கள் அந்தக் கதைகளை எல்லோரிடமும் சொல்லிவிட மாட்டார்கள். கதையைக் கொடுப்பது பத்திரத்தைக் கொடுப்பது போல.

ஏதோ தடை போடுவாங்களாமே, மீனே பிடிக்கக் கூடாதுன்னு? அது எப்படி?

ஃபிஜியில் இதற்குத் தம்பு என்று பெயர். பெரிய தலைவர் ஒருவர் இறந்தால், அவர் நினைவாகக் கடலில் ஒரு பகுதியை நூறு இரவுக்கோ அதற்கு மேலோ மூடி வைப்பார்கள். பிறகு திறந்து, பிடித்த மீனை விருந்தில் வைத்து துக்கத்தை முடிப்பார்கள். வனுவாட்டில் நமேலே என்ற மரத்தின் இலையைக் கொம்பில் கட்டி நட்டால் தடை. நமது மதனகாமப்பூ மரத்தின் இனம் அது, அந்நாட்டுக் கொடியில் குறுக்காக இருக்கும் இரண்டு இலைகளும் அதுதான். பப்புவா நியூ கினியின் பல பகுதிகளில் கோர்கோர் என்ற இஞ்சி வகைச் செடியைப் பாதையின் குறுக்கே கட்டிவிட்டால், லாரியும் நிற்கும்.

பழைய வழக்கம் புதிய வேலைக்கு எப்படி வந்தது என்பதற்கு ஊச்சுனிவனுவா என்ற ஊரைச் சொல்ல வேண்டும். ஃபிஜியின் பெரிய தீவில், வெராட்டா பகுதியில் இருக்கிறது. அங்கே பெண்கள் நீர் வற்றிய கடலோரத்தில் குனிந்து, விரலாலேயே சேற்றைத் துழாவி, கைகோசோ என்ற மட்டி எடுப்பார்கள். சாப்பாடும் அதுதான், சந்தைக்காசும் அதுதான். 1990-களில் மட்டி குறைந்துகொண்டே போனது. 5 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு மட்டி கிடைப்பதே அரிதாகிவிட்டது. 1997-இல் ஊர் கூடி, ஊருக்கு எதிரே இருந்த 24 ஹெக்டேர் சேற்றுப் பரப்பையும் கடற்புல் பரப்பையும் மூன்று ஆண்டுகளுக்கு மூடியது. தென் பசிபிக் பல்கலைக்கழகத்து ஆட்கள் எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். எண்ணியது ஊர்க்காரர்களே. கயிறு கட்டி, சட்டம் வைத்து, அதற்குள் கிடைத்த ஒவ்வொரு மட்டியையும் அளந்து நோட்டில் எழுதினார்கள். தடையை நீட்டினார்கள். 2004 வாக்கில் மூடிய பகுதியில் மட்டி 13 மடங்கும், மூடாத பக்கத்துப் பகுதியில் 5 மடங்கும் பெருகியிருந்தது.

அந்த இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உள்ளே முட்டையிட்டது வெளியே போய் வளர்ந்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்த பக்கத்து ஊர்கள் தாங்களும் மூடத் தொடங்கின. 2001-இல் இந்த ஊர்களெல்லாம் சேர்ந்து ஒரு வலையமைப்பாக ஆயின.

தடையை மீறினா யார் தண்டிப்பாங்க? போலீஸா?

முதலில் ஊர். மன்னிப்புக் கேட்க, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரோ, பாயோ, பன்றியோ, சிப்பிப் பணமோ கொடுக்க வேண்டும். பல பேருக்கு அதைவிடப் பெரிய தண்டனை, சபை நடுவே உட்கார வைத்துப் பெயர் சொல்லிப் பேசுவது. முன்னோர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மீறினால் நோய் வரும் என்ற அச்சமும் உண்டு. ஃபிஜியில் மீன்துறை, ஊர்க்காரர்களில் சிலரையே கடற்காவலர்களாக நியமிக்கிறது.

வெளியூர்க்காரர் ராத்திரியில் டார்ச்சோடு வந்து ஈட்டியால் குத்திக்கொண்டு போனால் துரத்தலாம். கஷ்டம் எங்கே என்றால், பிடிபட்டவன் சொந்த மாமன் மகனாக இருக்கும்போது. அவன் வீட்டில் அன்றைக்குச் சமைக்க எதுவும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் நிறையத் தடைகள் சத்தமில்லாமல் செத்துப்போகின்றன.

திறந்த அன்னைக்கே எல்லாரும் விழுந்து பிடிச்சுக் காலி பண்ணிட மாட்டாங்களா?

சில இடங்களில் அப்படித்தான் ஆகிறது. ஒரு திருமணத்துக்காக, தேவாலய நிதிக்காக என்று திறப்பார்கள், இரண்டே நாளில் இரண்டு வருடச் சேமிப்பு போய்விடும். மட்டி, கடல் அட்டை போல் நகராத, மெதுவாக நகரும் உயிர்களுக்கு இது கொடிய அடி. ஊச்சுனிவனுவா மாதிரி இடைவிடாமல் மூடி வைத்த ஊர்களையும், அடிக்கடி திறந்து மூடும் ஊர்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

ஆனால் திறந்து மூடுவதற்கு வேறொரு அறிவும் பின்னால் இருக்கிறது. பப்புவா நியூ கினியில் கார்கார் தீவின் முலுக் ஊரில், மீன் மனிதனைக் கண்டு மிரளத் தொடங்கியதும் பாறைத்திட்டை மூடுவார்கள். கொஞ்சக் காலம் யாரும் போகாமல் இருந்தால் மீனுக்குப் பயம் தெளிந்துவிடும், அப்போது திறப்பார்கள். அவர்களின் முதல் நோக்கம் மீனைப் பெருக்குவது அல்ல, மீனைச் சாதுவாக்குவது! உயிரியலாளர்கள் பிறகு போய் அளந்தபோது, இப்படி மூடிவைத்த பாறைகளில் மீன் பெரிதாகவும் கூடுதலாகவும் இருப்பதைக் கண்டார்கள்.

இதுக்கு எதுக்கு இவ்வளவு? அரசே சரணாலயம்னு அறிவிச்சா வேலை முடிஞ்சதே?

சாலமன் தீவுகளில் அதைச் செய்து பார்த்தார்கள். ஆர்னவோன் என்ற குட்டித் தீவுகள், அழுங்காமை முட்டையிட வரும் இடம். மேலிருந்து சரணாலயம் என்று அறிவித்துக் கட்டடமும் கட்டினார்கள். எங்களைக் கேட்காமல் எப்படி என்று 1980-களின் தொடக்கத்தில் கோபப்பட்டவர்கள் அதைக் கொளுத்திவிட்டார்கள்.

பிறகு பல ஆண்டுகள் பேசி, 1995-இல் கியா, வாகினா, கடுபிகா என்ற மூன்று சமூகங்கள் சேர்ந்து தாங்களே பாதுகாப்புப் பகுதி அமைத்தன. இதில் வாகினாக்காரர்கள் 1960-களில் ஆங்கிலேய ஆட்சி கில்பர்ட் தீவுகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றியவர்கள், மரபு உரிமை இல்லாதவர்கள். ஆனால் கடலில் தினமும் இறங்குகிறவர்கள் அவர்கள்தான். அவர்களையும் உட்கார வைத்துப் பேசியதால்தான் இது நின்றது. காவலர்கள் மூன்று சமூகங்களிலிருந்தும் வருகிறார்கள். 20 ஆண்டுகளில் ஆமைக் கூடுகள் இரண்டு மடங்காயின. 2017-இல் அரசு அதைத் தன் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. இரண்டு முறையும் அறிவித்தது அரசுதான். இரண்டாவது முறை ஊர் முன்னால் போனது, அரசு பின்னால் வந்தது.

தலைவர் சொன்னா முடிஞ்சதா, இல்ல ஓட்டு போடுவாங்களா?

இரண்டும் இல்லை. ஃபிஜியில் தலைமை வம்ச வழி வருவது, அவர் வார்த்தைக்கு எடை அதிகம். பப்புவா நியூ கினியின் மலைப்பகுதிகளில் தலைமை பிறப்பால் வராது. நிறையக் கொடுக்கத் தெரிந்தவன், பேசத் தெரிந்தவன், சண்டையைத் தீர்க்கத் தெரிந்தவன் தலைவன் ஆவான். அவன் மகன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வனுவாட்டில் நகமால் என்ற சபைக்கூடத்தில் ஒரு முறை ஓரமாக உட்கார அனுமதி கிடைத்தது. ஒரு ஓடைக்கு அக்கரையில் தோட்டம் போட்டது சரியா தப்பா என்று பேச்சு. மூன்று மாலைகள். யாரும் யாரையும் இடைமறிக்கவில்லை, ஒருவர் முடித்த பிறகு நல்ல நீண்ட மௌனம், அப்புறம் அடுத்தவர். மூன்றாம் நாள் பேசுவதற்கு ஆளில்லாமல் போனது. அதுதான் முடிவு என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். எதிர்ப்பு தீரும்வரை பேசுகிறார்கள், கை தூக்கி எண்ணுவதில்லை. அந்தக் கூடத்தில் ஒரு பெண்கூட இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெண் வழியா நிலம் போற இடமும் இருக்காமே? அங்க பெண்கள் ராஜ்யமா?

இருக்கிறது. பப்புவா நியூ கினியில் போகன்வில், மில்னே விரிகுடாத் தீவுகள், சாலமனில் குவாடல்கனால், இசபெல், மகிரா. அங்கெல்லாம் அம்மாவின் குலம்தான் பிள்ளையின் குலம், நிலமும் அந்த வழிதான். போகன்விலின் ரொரோவானா ஊரில் 1969-இல், தாமிரச் சுரங்கத் துறைமுகத்துக்கு நிலம் அளந்து முளை அடித்தபோது, பெண்கள் போய் முளைகளைப் பிடுங்கினார்கள். போலீஸ் தடியும் கண்ணீர்ப் புகையும் கொண்டு அடித்தது. அவர்கள் நிலம், அவர்கள் பிடுங்கினார்கள்.

ஆனால் உரிமை ரத்தத்தில் வந்தாலும், பேசும் வேலை பெரும்பாலும் அண்ணன் தம்பிக்கும் தாய்மாமனுக்கும்தான். அதிகாரி வருவார், கம்பெனி வரும், படிவம் நீட்டுவார்கள். கூட்டத்தின் சார்பில் கையெழுத்துப் போடுவது ஆண்கள். சாலமனில் மரபு நிலத்தைப் பதியும்போது கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் அதிகபட்சம் ஐந்து பெயர்தான் எழுதலாம். அந்த ஐந்தில் ஒரு பெண் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வழக்கத்தில் இருந்த தாய்மாரின் இடம் காகிதத்தில் ஏறும்போது காணாமல் போகிறது.

ஊரை விட்டுப் போயிட்டா உரிமை போயிடுமா?

ஊருக்கு ஊர் மாறும். விருந்துக்கும் சாவுக்கும் வந்துபோய், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் உரிமை உயிரோடு இருக்கும். சாலமனில் டெட்டெபாரே என்ற தீவு இருக்கிறது. 120 சதுர கிலோமீட்டர் அளவு, ஆனால் மனிதர் யாரும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். ஆளில்லாத தீவுதானே என்று மரம்வெட்டும் கம்பெனிகள் கண் வைத்தன. சுற்றுத் தீவுகளில் சிதறியிருந்த வழித்தோன்றல்கள் வம்சத்தைச் சொல்லிச் சொல்லி ஒன்றுசேர்ந்து, 2002-இல் சங்கம் அமைத்துத் தடுத்தார்கள். காடு இன்றும் நிற்கிறது, தோணி ஆமைகள் வருகின்றன. சங்கம் உறுப்பினர் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கொடுக்கிறது.

ஃபிஜியில நம்ம தமிழ் ஆளுங்களுக்கு நிலமே இல்லைன்னு சொல்றாங்களே, அது அநியாயம் இல்லையா?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி. கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியதும் இதுதான்.

1874-இல் ஃபிஜி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு வந்த ஆளுநர் ஆர்தர் கார்டன், பூர்வகுடிகளின் நிலத்தை விற்கக் கூடாது, அவர்களைத் தோட்டக் கூலிகளாகவும் ஆக்கக் கூடாது என்று முடிவெடுத்தார். அப்படியானால் கரும்பு யார் வெட்டுவது? 1879-இல் இந்தியாவிலிருந்து முதல் கப்பல் வந்தது. 1916 வரை 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசுவோர் வந்தார்கள், மொத்தத்தில் கால்வாசிப் பேர் இவர்கள். ஆக ஒருவரின் நிலத்தைக் காத்த அதே கொள்கைதான் இன்னொருவரைக் கடல் கடத்தியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நியாயம் பேச முடியாது.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டார்கள். 1940-இல் பூர்வகுடித் தலைவர் ராத்து லாலா சுகுனாவின் முயற்சியில், குலங்களின் சார்பாகக் குத்தகை விட ஒரு வாரியம் வந்தது. 1976-இன் சட்டம், முன்பே ஓடிக்கொண்டிருந்த குத்தகைகளையும் நீட்டி 30 ஆண்டாக்கியது. 1997 முதல் அவை காலாவதியாகத் தொடங்கின, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. வீட்டின் தகரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பற்றி என் மாணவர்களின் தாத்தா பாட்டிகள் பேசும்போது குரல் உடையும். அப்பா வைத்த மாமரம் அங்கேயே நின்றுவிட்டது என்பார்கள்.

மறுபக்கத்தையும் கேட்டிருக்கிறேன். வாடகைக்கு உச்சவரம்பு, திருத்தாத நிலத்தின் மதிப்பில் 6 சதவீதம். அதிலும் வாரியம் தன் பங்கைப் பிடித்து, மீதியில் 30 சதவீதம் மூன்று நிலைத் தலைவர்களுக்குப் போய், சாதாரண உறுப்பினர் கைக்கு வரும்போது பேருந்துக் காசுதான். 2011-இல்தான் எல்லோருக்கும் சம பங்கு என்று மாற்றினார்கள். என் கருத்தைக் கேட்டால், நிலம் பூர்வகுடிகளிடமே இருப்பது நியாயம். நான்கு தலைமுறை உழைத்தவனை 30 ஆண்டு காகிதத்தில் வைத்திருந்ததுதான் அநியாயம். குத்தகையைப் புதுப்பித்துக்கொண்ட ஊர்களும் இருக்கின்றன. அங்கே சட்டத்தைவிட, இரண்டு தலைமுறையாக ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போய்வந்த உறவுதான் கைகொடுத்தது.

விற்கவே முடியாதுன்னா கம்பெனிகள் எப்படிக் காட்டை எடுத்துக்குது?

விற்க வேண்டாமே, குத்தகையே போதும். பப்புவா நியூ கினியில் 2003-க்கும் 2011-க்கும் இடையே, விவசாயத்துக்கான சிறப்புக் குத்தகை என்ற பெயரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் கைமாறியது. நாட்டின் நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். 97 சதவீதக் கணக்கில் உள்ள ஓட்டை இதுதான். பல இடங்களில் விவசாயம் நடக்கவே இல்லை, மரம் மட்டும் வெளியேறியது. விசாரணை ஆணையம் 2013-இல் தந்த அறிக்கையில், ஆராய்ந்த 42 குத்தகைகளில் நான்கில் மட்டுமே நில உரிமையாளர்களின் முறையான சம்மதம் இருந்தது.

வனுவாட்டில் குத்தகை உச்சவரம்பு 75 ஆண்டு. ஒரு தென்னையின் ஆயுள் என்று கணக்கு சொல்வார்கள். ஆனால் காலம் முடிந்தால் கட்டிய கட்டடத்துக்கு ஈடு கொடுத்துத்தான் மீட்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதிவிட்டார்கள். ஓட்டலுக்கு ஈடு கொடுக்க எந்த ஊரால் முடியும்? தகராறில் இருக்கும் நிலத்துக்கு அமைச்சரே கையெழுத்துப் போடவும் வழி இருந்தது. தலைநகர் இருக்கும் எஃபாத்தே தீவின் கடற்கரையில் பாதிக்கு மேல் இப்படிப் போனது. ரால்ஃப் ரெகன்வானு நில அமைச்சரானபோது கொண்டுவந்த சட்டங்கள் 2014-இல் நடைமுறைக்கு வந்தன. அமைச்சரின் அந்த அதிகாரம் போனது. யார் உரிமையாளர் என்பதை நகமாலே சொல்ல வேண்டும் என்று ஆனது.

கம்பெனி ஊருக்குள் வரும்போது நடப்பது ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். மூன்று நாள் மௌனம் கலந்து பேசும் சபைக்குப் போகாமல், படித்த, நகரத்தில் இருக்கும் நாலு பேரைப் பிடிப்பார்கள். ஓட்டல் அறை, கொஞ்சம் முன்பணம், ஒரு கையெழுத்து.

நிலத்துக்கு அடியில இருக்கிற தாது யாருக்கு?

பெரும்பாலும் அரசுக்கு என்று சட்டம் சொல்லும், எங்களுக்குத்தான் என்று மக்கள் சொல்வார்கள். போகன்விலின் பங்குனா சுரங்கம் 1972 முதல் 1989 வரை ஓடியது. சுமார் 100 கோடி டன் கழிவு ஆற்றில் போனது. அந்தச் சண்டை பத்தாண்டுப் போராக வெடித்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 2015-இல் போகன்வில் தன்னாட்சி அரசு கொண்டுவந்த சுரங்கச் சட்டம், தாது மரபு உரிமையாளருடையது என்று ஒப்புக்கொண்டது. 2019 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 98 சதவீதத்தினர் தனிநாடு கேட்டார்கள்.

ஆளாளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தா பேங்க் லோன் வாங்கி முன்னேறிடுவாங்களே?

மனை வியாபார நண்பரின் கேள்வி இது. கடனுக்கு ஈடு வைத்த நிலம், கடன் கட்ட முடியாதபோது போய்விடும். சம்பள வேலை குறைவான, ஓய்வூதியம் இல்லாத நாடுகளில் தோட்டம்தான் காப்பீடு. வேலை போனவன் ஊருக்குத் திரும்பினால் நட ஒரு துண்டு நிலம் இருக்கும், பட்டினி கிடக்க மாட்டான். கொரோனா காலத்தில் ஓட்டல்கள் மூடியபோது ஃபிஜியில் எத்தனையோ பேர் அப்படித்தான் திரும்பினார்கள்.

யார் எந்தக் கூட்டம் என்பதைத் தெளிவாகப் பதிந்துகொள்வது தேவைதான், மறுக்கவில்லை. பதிவு கூட்டத்தின் பெயரில் இருக்கட்டும், எல்லாப் பெயரும், பெண்கள் பெயர் உட்பட, அதில் இருக்கட்டும். நியூ கலிடோனியாவின் சட்டமே பூர்வகுடிகளான கனாக் மக்களின் மரபு நிலத்தை விற்கவோ, மாற்றவோ, ஜப்தி செய்யவோ முடியாது என்கிறது.

மரத்தை வெட்டாம காசு பார்க்கலாம்னு சொல்றாங்களே, கார்பன் கணக்கு? நிஜமா?

சில இடங்களில் நிஜம். சாலமனின் சொய்சுல் தீவில் சிரெபே குலம் தன் காட்டை 2019-இல் சட்டப்படி பாதுகாப்புப் பகுதியாக்கி, காடு காற்றில் விடாமல் பிடித்து வைக்கும் கார்பனைக் கணக்கிட்டுக் கிடைக்கும் வருமானத்தின் பக்கம் போயிருக்கிறது. எனக்கு ஒரே ஒரு கவலை, இந்தப் பணமும் அந்த ஐந்து கையெழுத்து வழியாகத்தான் உள்ளே வரப்போகிறதா என்பது.

சுற்றுலா போனா கடற்கரையில சும்மா நடக்கலாமா?

ஃபிஜியில் ஓட்டல் கடற்கரை என்றால் நடக்கலாம். ஊர் என்றால் கேட்டுவிட்டு நடங்கள். சந்தையில் அரைக் கிலோ யங்கோனா வேர், செய்தித்தாளில் சுற்றி நாடா கட்டியதாக வாங்கிக்கொள்ளுங்கள். தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, தோள் பையைக் கையில் பிடித்துக்கொண்டு போங்கள். வழியில் பார்க்கும் முதல் ஆளிடம் சொன்னால் ஊர்த்தலைவர் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். வேரைப் பாயில் வைத்து, யார், எங்கிருந்து, எதற்கு வந்தோம் என்று சொல்ல வேண்டும். உங்களுக்காக ஒருவர் அதை எடுத்துப் பேசுவார். இதற்குச் செவுசெவு என்று பெயர்.

நான் முதன்முதலில் செய்தபோது, ஒரு சிரட்டை யங்கோனாவைக் குடித்து நாக்கு மரத்துப்போய் வெளியே வந்தேன். மறுநாள் காலை கடற்கரைக்கு இறங்கினால், நான்கைந்து சிறுவர்கள் கூடவே ஓடி வந்தார்கள். ஒருவன் என் விரலைப் பிடித்து நிறுத்தி, தண்ணீரில் நட்டிருந்த ஒரு மூங்கிலைக் காட்டினான். இதுவரைக்கும் நீ வரலாம் சார், அதுக்கு அந்தப் பக்கம் மீன் தூங்குது என்றான்.